நூத்திப்பத்தும் ஒரு கொசுறும்

தம்பி, அந்தப் பெட்டி மேல பைய வெச்சுப்போடாதீங்க! கோவிச்சுக்காதீங்க, உங்க பையில ஒண்ணும் கனமில்லை, பாத்தாலே தெரியுது. ஆனா உள்ள இருக்கறது ரோசக்காரச் சாமானுங்க. லேசா அடி பட்டாலும் கணக்கு மாறிப் போயிரும்னு கடைக்காரர் சொல்லியிருக்காரு. நான் சன்னலோரம் நவுந்து மடியிலயே வெச்சுக்கறேன், நீங்க நல்லா சாஞ்சு உக்காருங்க. எங்க, கோயமுத்தூருங்களா? ஹோப்ஸ் ஸ்டாப்பா? அட, நானும் ஹோப்ஸ்தானுங்க.

நாதஸ்வரமில்லீங்க. கண்டக்டரும் அதத்தான் கேட்டாரு. டார்க் ரெஞ்சுங்க இது. நட்டு முடுக்கற ஸ்பேனர்தான், ஆனா கூறுள்ள ஸ்பேனர். கைப்பிடியத் திருகி ஒரு நம்பர் வெச்சுட்டா, அந்த அளவுக்கு நட்ட முடுக்குனதும் 'டக்'குனு ஒரு சத்தம் குடுக்கும். போதும்னு அர்த்தம். கார் சக்கரத்துக்கு, இஞ்சினுக்கு, எல்லாத்துக்கும் கம்பெனிக்காரன் ஒரு அளவு போட்டிருக்கானாம். எனக்கே இந்தத் தீவாளி வரைக்கும் தெரியாது. எதுக்குத் தெரியோணும்? ஆண்டவன் கை குடுத்திருக்கான்.

இந்தாங்க, கையப் புடிச்சுப் பாருங்க. சும்மா புடிங்க. பாத்தீங்களா? என்ர பேரு சென்னியப்பன். கோபியில பி.டி. வாத்தியாரா இருந்து ரிட்டையர் ஆனவன். வலிச்சுதுங்களா? மன்னிச்சுக்கோங்க.

இந்தக் கை மூடுனா மூடுனதுதானுங்க. எங்க வீட்டுல தண்ணிக்குழாய நான் மூடுனா ஒரு சொட்டு சிந்தாது. ஊறுகா பாட்டில மூடுனா ஒரு எறும்பு போவாது. எங்கூட்டுக்காரி வசந்தாமணி இருக்காளே, 'இவரு மூடுனத இவரேதான் வந்து தொறக்கோணும்'னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிவா. ஒருக்கா நான் எலக்சன் டூட்டிக்குப் போயிட்டேன். பொழுதுக்கும் பக்கத்து வீட்டுலதான் தண்ணி புடிச்சாளாம், நம்ம வீட்டுக் குழாயத் தொறக்க முடியலைன்னு. எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு.

ஒரு வாய் தண்ணி குடுங்க தம்பி. பேசிப் பேசித் தொண்டை காயுது. இந்தாங்க, நல்லா மூடிட்டேன், பையில எப்படிப் போட்டாலும் சிந்தாது.

வீட்டுல கார் இருக்கறப்ப பஸ்ஸுல எதுக்குப் போறேன்னு கேக்கறீங்க. அது கடைசில வருதுங்க. முதல்ல தீவாளிய முடிச்சர்றேன்.

எனக்கு ஒரே பொண்ணு, தாரணி. ஹோப்ஸ்லதான் குடியிருக்காங்க. மாப்பிள்ளை பேரு மௌலி. தங்கமான மனுசன், கம்ப்யூட்டர் வேலை. ஆனா கை பாத்தீங்கன்னா முருங்கைக்காய் மாதிரி. அதச் சொல்லக்கூடாது, மாப்பிள்ளை. ஆடிக்கு விருந்துக்கு வந்தாங்க. அவிக வண்டிய வாசல்ல பாத்தேன், முன் டயரு தேஞ்சு கிடந்துச்சு. ரெண்டு பேரும் சாப்புட்டுட்டுத் தூங்கறப்ப நானே ஜாக்கி வெச்சு டயரை முன்ன பின்ன மாத்திப் போட்டு, நட்டெல்லாம் முடுக்கிவிட்டேன். எப்படி முடுக்கினேன்? நம்ம பொண்ணு உக்காந்து போற வண்டிங்க. லேசா முடுக்கிட்டு, நடு ரோட்டுல சக்கரம் கழண்டு ஓடுச்சுன்னா? அதனால காலை வண்டியில முட்டுக் குடுத்து, பல்லைக் கடிச்சுட்டு முடுக்கினேன். எந்திரிச்சு வந்து மாப்பிள்ளை கேட்டாரு, 'மாமா, டார்க் ரெஞ்ச் இருக்குதுங்களா?' 'இதா இருக்குது மாப்ள'ன்னு கையத் தூக்கிக் காட்டினேன். சிரிச்சுட்டுப் போயிட்டாரு.

அப்பறம் தீவாளி. தலைத் தீவாளி, தம்பி. நீங்க கல்யாணம் ஆனவருங்களா? அப்ப உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாப்பிள்ளை கார்ல வந்து இறங்கோணும், தெருவே எட்டிப் பாக்கோணும், வசந்தாமணி ஆரத்தித் தட்டோட நிக்கோணும். எல்லாம் நின்னுச்சுங்க, காரைத்தான் காணோம். கடைசியில டவுன் பஸ்ஸுல வந்து இறங்குனாரு. பட்டு வேட்டி முட்டிகிட்ட கிழிஞ்சிருக்குது, கையெல்லாம் கிரீஸு, தலையில பலகாரக் கூடை. பின்னால எம் பொண்ணு, பட்டுச் சேலையத் தூக்கிச் சொருகிட்டு, கண்ணு செவந்து போயி.

குன்னத்தூர் தாண்டி டயரு பஞ்சர். ஸ்டெப்னி இருக்குது, ஜாக்கி இருக்குது, ஆனா நட்டு கழலலைங்க. மாப்பிள்ளை இழுத்திருக்காரு, எம் பொண்ணு இழுத்திருக்கா, ரெண்டு பேரும் சேர்ந்து ஸ்பேனர் மேல ஏறி நின்னிருக்காங்க. அதுல வழுக்கி விழுந்துதான் வேட்டி கிழிஞ்சது. லாரிக்காரர் ஒருத்தர் இரக்கப்பட்டு, ஸ்பேனர்ல குழாயச் சொருகி இழுத்திருக்காரு. ஸ்பேனர்தான் வளைஞ்சுதாம். 'யாருங்க இத முடுக்குனது, மனுசனா?'ன்னு கேட்டிருக்காரு. அந்த லாரிக்காரரு விவரமானவருங்க.

உடனே நான் என்ர ஸ்பேனரோட மொபெட்ட எடுத்துட்டுப் போனேன். போய் ஒரே இழுப்பு. கழண்டு வந்துருச்சு! நாலு நட்டும் வந்துருச்சு! அப்ப நீங்களே சொல்லுங்க, தப்பு நட்டுலயா இருக்குது? ஸ்டெப்னிய மாட்டி, மொபெட்ட அங்கயே உட்டுட்டு, காரை ஓட்டிட்டு வீட்டுக்கு வந்து வாசல்ல நிறுத்தி, 'பாத்தியா கண்ணு, ஒரே இழுப்பு'ன்னேன். சந்தோசப்படுவான்னு பாத்தா, அவ சொன்னா: 'நடு ரோட்டுல நீங்க இல்லீங்கப்பா. நாங்க ரெண்டு பேருதான் இருந்தோம். நாங்க கழட்ட முடியாதத நீங்க முடுக்காதீங்க. இனி என்ர கார்ல கை வெக்காதீங்க.' மாப்பிள்ளை முன்னால, சம்பந்தி போன்ல இருக்கறப்ப, சொல்லிட்டா.

அன்னைக்கிருந்து இன்னைக்கு வரைக்கும் அந்தக் காரைத் தொட உடலைங்க. எனக்கு வேற என்ன வேணும் சொல்லுங்க? அவ வண்டி நட்ட ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவ கண்ணு முன்னால சரியா முடுக்கிக் காட்டிப்போடோணும். 'சரியா இருக்குதுங்கப்பா'ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதும். அதுக்குத்தான் இந்த ரெஞ்சு.

என்ன தம்பி, மூடியோட மல்லுக்கட்டறீங்க? தொறக்க வரலையா? குடுங்க இப்படி. பாத்தீங்களா, வந்துருச்சு. இப்பத்திக் கம்பெனிக்காரனுக பாட்டில் மூடியே சரியாப் பண்றதில்லீங்க.

ரெஞ்சு வாங்கறது லேசுன்னு நெனச்சேன். கோயமுத்தூர் டவுன்ஹால் பக்கம் ஒரு கடை, தாத்தா காலத்துக் கடையாம், கூரை வரைக்கும் இரும்பு. 'டார்க் ரெஞ்ச் ஒண்ணு குடுங்க'ன்னேன். 'எவ்வளவு நியூட்டன் மீட்டர் வேணுமுங்க?'ன்னாரு. 'நல்லா டைட்டா வேணுமுங்க'ன்னேன். கண்ணாடியக் கழட்டித் தொடைச்சுட்டுச் சொன்னாரு, 'டைட்டுன்னு ஒரு நம்பர் இல்லீங்களே சார்.' எனக்குச் சுருக்குன்னு ஆயிருச்சு. திரும்பி வந்துட்டேன்.

நம்பர் எங்க இருக்குது? கார்ப் புஸ்தகத்துல இருக்குது. புஸ்தகம் எங்க இருக்குது? அந்தக் காருக்குள்ள. நான்தான் காரைத் தொடக்கூடாதே. தாரணிகிட்டக் கேட்டா சண்டை. மாப்பிள்ளைகிட்ட ரகசியமாக் கேட்டேன். 'வீல் நட்டுக்கு நூத்திப்பத்துங்க மாமா'ன்னாரு. அன்னைக்கே அவ காதுலயும் போட்டுட்டாரு. அந்த வீட்டுல ரகசியமே கெடையாதுங்க.

மறுபடி போனேன். கடைக்காரரு மூணு தினுசு எடுத்து வெச்சாரு. ஒண்ணுல ஊசி, முடுக்க முடுக்க ஊசி நகரும், குனிஞ்சு பாத்துட்டே இருக்கோணும். எனக்கு இடுப்பு வளையாது. இன்னொண்ணுல பேட்டரி, நம்பர் பளிச்சுனு எரியுது. பேட்டரி தீந்தா என்ன பண்றதுன்னேன், மாத்தோணும்னாரு. அது எனக்குத் தெரியாதா? மூணாவதுதான் இது, டக்குனு சத்தம் குடுக்கறது. சரி, அதுலயே பெருசாக் குடுங்கன்னேன். பெருசுன்னா என்ர உசரத்துக்குப் பாதி இருக்கும், லாரிக்குப் போடறது. அதத் தூக்கித் தோள்ல வெச்சேன், என்ன கம்பீரம்! ஆனா மனுசன் விக்க மாட்டேங்கறாரு. 'உங்க நூத்திப்பத்து இதுல அடியில கிடக்கும் சார், அடியில கணக்கு சரியா நிக்காது. நாப்பதுல இருந்து எரநூறு வரைக்கும் போறத எடுங்க, உங்க நம்பர் நடு மத்தியில வரும்'னாரு. பெரிய சாமான விக்க மாட்டேன்னு சொல்ற கடைக்காரர எங்கயாவது பாத்திருக்கீங்களா? சந்தேகம் வந்துருச்சு. இன்னும் ரெண்டு கடை விசாரிச்சேன். மாப்பிள்ளைகிட்ட விசாரிச்சேன். போன்ல வீடியோவாப் பாத்தேன். ஒருத்தரு அக்கட்ட தேசத்துல ஒரு ரெஞ்ச ரெண்டா அறுத்து உள்ள காட்டறாரு. அத நடுச்சோத்துல உக்காந்து பாத்தேன்.

கார்த்திகை போயி மார்கழி வந்துருச்சு. வசந்தாமணி சொன்னா, 'பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கறப்பக்கூட இத்தனை விசாரிக்கலீங்களே நீங்க. காப்பி குடிச்சு முடிக்கறதுக்குள்ள சரின்னுட்டீங்க.' அது வேற, இது வேற. மாப்பிள்ளைக்கு அளவு பாத்துச் சான்றிதழ் யாரு குடுக்கறாங்க? இதுக்குக் குடுக்கறாங்க பாருங்க. இந்த ரெஞ்சு நம்பரு, எந்த அளவுல எவ்வளவு பிசகுது, சோதிச்சவர் கையெழுத்து, எல்லாம் ஒரு காயிதத்துல. ஜாதகத்தோட பொறந்தது தம்பி இது. கடைசியில அவரு சொன்ன நடுத்தரத்தையே வாங்கினேன். பூசையறையில வெச்சு, பொட்டு வெச்சேன். சந்தனம் வேண்டாம், நம்பர மறைச்சுப்போடும்னு வசந்தாமணி சொன்னா. சில நேரம் அவளுக்கும் வெவரம் வரும்.

காரு கதைய இப்பச் சொல்றேன்.

எங்ககிட்ட பழைய வண்டி ஒண்ணு இருக்குது. தாரணி வண்டியில கை வெக்கறதுக்கு முன்னால இதுல பழகிக்கலாம்னு ஆரம்பிச்சேன். நம்பர் வெக்கோணும். நூத்திப்பத்துன்னு மொட்டையா வெக்க மனசு வருமுங்களா? கல்யாண வீட்டுல மொய் எழுதறீங்க, நூறோட நிறுத்துவீங்களா? நூத்தியொண்ணுதானே? அதனால நூத்திப்பதினொண்ணு வெச்சேன். ஒரு இழுப்பு, 'டக்'. ஆகா, என்ன சத்தம்! வசந்தாமணியக் கூப்பிட்டு, 'கேட்டுச்சா?'ன்னேன். 'கேட்டுச்சு, போதும்'னா. போதும்தான். ஆனா தக்காளிக்காரம்மாகூட ஒரு கிலோ நிறுத்துட்டு மேல ஒண்ணு தூக்கிப் போடறா. கருவப்பிலை தராம காய்கறி தருவாங்களா? நம்ம சொந்த வண்டிக்கு ஒரு கொசுறு குடுக்கக்கூடாதா? 'டக்'குக்கு அப்பறம் ஒரு சின்ன இழுப்பு இழுத்தேன். அடுத்த நட்டுக்கும் ஒரு கொசுறு. ஒண்ணுக்குக் குடுத்து ஒண்ணுக்குக் குடுக்கலைன்னா நல்லாவா இருக்கும்? மூணாவதுல கொஞ்சம் மனசு விட்டு இழுத்துட்டேன். 'டக்'குனு வந்துச்சு, அப்பறம் 'படக்'குனு ஒண்ணு வந்துச்சு. போல்ட்டு முறிஞ்சு நட்டோட கையில வந்துருச்சுங்க.

இரும்பு சரியில்லை. பழைய வண்டி, துரு. வேற என்ன?

மாப்பிள்ளைகிட்டப் போன்ல சொன்னேன். 'மாமா, அந்தச் சத்தம் உங்க விசில் மாதிரிங்க. நீங்க விசில் அடிச்சப்பறம் பசங்க ஓடுனா உடுவீங்களா?'ன்னாரு. உடுவனா? விசிலுக்கப்பறம் ஒரு அடி எடுத்து வெச்சாலும் மைதானத்தச் சுத்தி ஓட உடுவேன். அது பசங்களுங்க, இது நட்டு. ரெண்டையும் எப்படி ஒண்ணாச் சேக்கறாரோ தெரியலை. கம்ப்யூட்டர் படிச்சா இப்படித்தான்.

ஆக, காரு ஷெட்டுல முறிஞ்ச போல்ட்டோட நிக்குது, நான் பஸ்ஸுல நிக்கறேன். உக்காந்திருக்கேன்.

இப்ப இன்னைக்குக் கதை. மாப்பிள்ளைக்கு ஐதராபாத்துக்கு மாத்தல். நாளைக்கு விடியக்காலம் கார்லயே கெளம்பறாங்க. எத்தனை தூரம்! போன ஞாயித்துக்கிழமை வந்து சொல்லிட்டுப் போனாங்க. பிள்ளையார் கோயில்கிட்டயே காரை நிறுத்திட்டு, தெருக்கோடியில இருந்து நடந்தே வந்தாங்க. எங்க வாசல்ல எடமில்லைன்னு நெனச்சிருப்பா போல. லாரியே நிக்கும் எங்க வாசல்ல.

நேத்துப் போன் பண்ணினா. 'அப்பா, கெளம்பறதுக்கு முன்னால டயரு மாத்திப் போடோணும். உங்க ரெஞ்சு வேணும். கண்டக்டர்கிட்டக் குடுத்துப் பஸ்ஸுல போட்டு உடுங்க, நான் ஹோப்ஸ்ல வாங்கிக்கறேன்'னா. நானே எதிர்பாக்கலீங்க! அவளே கேட்டா! ரெஞ்ச எதுக்குக் கேப்பா? ரெஞ்சு மட்டும் போயி என்ன பண்ணும்? அவளுக்கு அப்பனக் கூப்பிட வாய் வரலை, ரெஞ்சக் கூப்பிடறா. எனக்குப் புரியாதா. வசந்தாமணிதான், 'சாமானப் பஸ்ஸுல போடச் சொன்னா, நீங்க எதுக்குங்க கூடவே ஏறிப் போறீங்க? உங்களக் கூப்பிடலீங்களே'ன்னா. பெத்தவனுக்கு அழைப்புப் பத்திரிக்கையா வெப்பாங்க?

இருங்க, போனு. அவதான்.

சொல்லு கண்ணு. ம்... பஸ்ஸுல போட்டாச்சு கண்ணு. கண்டக்டர்கிட்டத்தான். பச்சைக் கலரு பஸ்ஸு. நானா? நான் வீட்டுலதான். இரைச்சலா? அது டி.வி. கண்ணு, உங்கம்மா சத்தமா வெச்சிருக்கா. ம்... ம்... சரி கண்ணு. வெச்சர்றேன்.

அப்படிப் பாக்காதீங்க தம்பி. பொய் சொல்லோணும்னு சொல்லலை. நேர்ல போயி நின்னு ஆச்சரியப்படுத்தலாம்னு இருந்தேன், அவ கேட்டதும் வாய்ல வந்துருச்சு. 'நல்ல வேளைங்கப்பா, நீங்களே கெளம்பி வந்துருவீங்களோன்னு பயந்துட்டே இருந்தேன்'ங்கறா. வெயில்ல எனக்கு அலைச்சலாயிரும்னு பயந்திருப்பா. அக்கறையான புள்ளை.

வெயிலே காணமுங்களே. மூடாப்பாத்தானே இருக்குது.

பயந்துட்டு இருந்தேன்னுதானே சொன்னா? உங்களுக்கும் கேட்டிருக்கும், எம் போனு சத்தம் அப்படி. பள்ளிக்கூடத்துல பசங்க என்னக் கண்டாப் பயப்படுவாங்க, எனக்கு நெஞ்சு நிமிரும். ஆனா எம் பொண்ணு, நாளைக்கு அத்தாந்தூரம் போறவ, நான் வந்துருவனோன்னு பயந்துட்டு இருந்திருக்கா. இது எனக்கு நல்லால்லீங்க தம்பி. சுத்தமா நல்லால்லை.

எங்க வந்திருக்கோம்? சின்னியம்பாளையம் தாண்டியாச்சா? அதுக்குள்ளயா?

தம்பி, ஒரு ஒத்தாசை பண்ணுங்க. நீங்க ஹோப்ஸ்ல இறங்கறீங்கல்ல, இந்தப் பெட்டிய அவ கையில குடுத்துருங்க. கண்டக்டர் குடுக்கச் சொன்னாருன்னு சொல்லுங்க. நான் காந்திபுரம் வரைக்கும் போயி அப்படியே அடுத்த பஸ்ஸப் புடிச்சு ஊரு திரும்பிக்கறேன். நான் இருக்கறேன்னு சொல்லீராதீங்க. ரெண்டே வார்த்தை மட்டும் சொல்லுங்க. கழட்டறதுக்கு இத எடுக்கக்கூடாது, முடுக்கறதுக்கு மட்டும்தான். வேலை முடிஞ்சதும் நம்பரக் கீழ எறக்கி வெக்கோணும். எதிரும் புதிருமா முடுக்கோணும், ஒரு பக்கமாப் போகக்கூடாது. அப்பறம்... வேண்டாம். அவளுக்குத் தெரியும். அவ புஸ்தகத்தப் படிச்சுத்தான் செய்வா. ஒண்ணும் சொல்ல வேண்டாம், குடுத்துட்டு மட்டும் போங்க.

அதா நிக்கறா, பேக்கரிகிட்ட. நீலச் சுடிதாரு. தலைகூட வாரலை, ஊருக்குக் கெளம்பற அவசரம். படிக்கட்டையே பாக்கறா பாருங்க, கண்டக்டரத் தேடறா. நான் இப்படித் தலையக் குனிஞ்சுக்கறேன். எந்திரிங்க, ஆளுங்க இறங்கறாங்க. பெட்டிய எடுத்துட்டுப் போங்க.

என்ன, வரலையா? சீட்டுக் கம்பியில எங்கயாச்சும் மாட்டியிருக்கும். நல்லா இழுங்க. இன்னும் இழுங்க தம்பி.

கம்பியில இல்லீங்களா?

ஓ. நான்தான் புடிச்சிருக்கனா.

இருங்க, ஒரு நிமிசம் இருங்க. விட்டர்றேன்.